ஒன்றரை மீற்றர்

"பொரிக்கிற குசினி எங்க தம்பி?" என்று மாமி கேட்டார்.

கீதன் வீட்டு வரைபடத்தின் மேல் மூலையில் விரலை வைத்தான்.

"உது வடக்கெல்லோ."

"ஓம் மாமி. வடக்குத்தான்."

"வடக்கில ஆரும் அடுப்பு வைப்பினமோ? தென்கிழக்கு எண்டு போனமுறையும் சொன்னனான். அக்கினி மூலை. படிச்ச பிள்ளைக்கு எத்தினை தரம் சொல்லுறது?"

"தென்கிழக்கிலதான் மாமி பள்ளம் கிடக்கு. பள்ளம் முழுக்க ஸ்புறூஸ் மரம். காட்டு நெருப்பு வந்தால் அந்தச் சரிவாலதான் ஏறி வரும்."

"அதைத்தானே நானும் சொல்லுறன். அக்கினி அந்தப் பக்கம்தான்."

கீதன் பென்சிலைக் கீழே வைத்தான். மிசிசாகாவில் அவன் வேலை செய்யும், வீட்டுப் படம் கீறும் கந்தோரில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வாடிக்கையாளர்களோடு கதைப்பான். நீச்சல் குளத்தைக் கூரையில் கேட்டவர்கள் இருக்கிறார்கள். படியே இல்லாமல் மேல்மாடி கேட்டவரும் இருக்கிறார். அவர்களுக்கெல்லாம் பதில் சொல்லத் தெரிந்தது. மாமிக்குச் சொல்லத்தான் தெரியவில்லை.

மாமி எழும்பிப் போய்க் கத்தரிக்காய் பொரிக்கத் தொடங்கினார். ஸ்காபரோவிலிருந்து அவன்தான் கத்தரிக்காய், கணவாய், முருங்கையிலை எல்லாம் காலையில் வாங்கி ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். வீட்டுக்குள் பொரித்தால் உடுப்பெல்லாம் மணக்கும் என்று பின்கதவுக்கு வெளியே பலகை அடித்த மரத்தட்டியில் காஸ் அடுப்பை வைத்திருந்தார். காற்றுக்கு மறைப்பாக அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் மாம்பழப் பெட்டி மட்டைகள். மட்டைக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளிச் சீடார் மரங்களாலான உயிர்வேலி. மரத்தட்டிக்குக் கீழே மாமா அடுக்கிய விறகு. ஓகஸ்ட் மாதம். மழை பெய்து வாரக் கணக்காகிவிட்டது. வடக்கில் எங்கோ எரிகிற காடுகளின் புகை வானத்தில் மெல்லிசாகப் படிந்து, சூரியன் பழுத்த தோடம்பழம் மாதிரி நின்றது.

கீதன் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று இதைப் பார்த்தான். ஒரு வீடு எரிவதற்கு என்னென்ன வேண்டும் என்று யாராவது பாடம் எடுப்பதானால் இந்த இடத்தைப் படம் பிடித்துக் காட்டலாம்.

"மாமி, அந்த மட்டையை மட்டுமாவது எடுங்கோ."

"எடுத்தால் அடுப்பு நூந்துபோம். நீங்கள் போய் இருங்கோ, இந்தா முடிஞ்சுது."

இது கீதனின் மனைவி நிலாணியின் பெற்றோர் வீடு. மாமாவின் பெயர் ஸ்ரீஸ்கந்தராசா. ரெக்ஸ்டேலில் இருந்துகொண்டு விமான நிலையத்தில் பொதி ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். மூன்று வருடத்துக்கு முன் நிலாணி ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனாள். மூளையில் இரத்தம் கசிந்து அங்கேயே விழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கீதனுக்குப் போன் வந்தது. கீதன் மாமாவுக்குப் போன் எடுத்தான். ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு மாமா ஒருவரையும் கேட்காமல் ரெக்ஸ்டேல் வீட்டை விற்று, டொரொன்டோவுக்கு வடகிழக்கே இரண்டு மணித்தியால ஓட்டத்தில், காட்டுக்குள் ஐந்து ஏக்கரோடு இந்த வீட்டை வாங்கினார். ஏன் என்று கேட்டவர்களுக்குக் "காத்து" என்றார். மாமியைக் கேட்டால், "மனுசனைக் கேளுங்கோ" என்பார்.

இப்போது வீட்டைப் பெருப்பிக்க வேண்டுமாம். இரண்டு அறை, ஒரு குளியலறை, ஒரு பொரிக்கிற குசினி. ஒரு அறை கீதனுக்கு. மற்றது அவனுடைய மகள் சாம்பவிக்கு. செப்டெம்பரில் அவள் முதலாம் வகுப்பு. பள்ளிக்கூட பஸ் வாசலுக்கே வரும் என்று மாமா விசாரித்து வைத்திருந்தார். கீதன் வீட்டிலிருந்து வேலை செய்யலாம், கந்தோருக்குக் கிழமையில் இரண்டு நாள் போனால் போதும் என்பதையும் அவரே முடிவு செய்திருந்தார். பனிக்காலத்தில் இந்தக் கதையை எடுத்தபோது கீதன் "பாப்பம் மாமா" என்றான். பிறகு, "முதல்ல ஒரு படம் கீறிப் பாப்பம்" என்றான். கீறிக்கொண்டிருக்கும்வரை பதில் சொல்லத் தேவையில்லை. ஆறு மாதமாகக் கீறிக்கொண்டிருக்கிறான்.

மாமா சாப்பாட்டுக்கு உள்ளே வந்தார். சட்டை முழுவதும் மரத்தூள்.

"என்ன, குசினி எந்தப் பக்கமாம்?"

"வடக்காம்," என்றார் மாமி.

"வடக்கோ? சரி, அதை விடும். மற்றது? சீற் கூரைதானோ இன்னும்?"

"தகரக்கூரை மாமா. தணல் வந்து விழுந்தாலும் பத்தாது."

"மழைக்குத் தடதடவெண்டு சத்தம் வரும்."

"மழை எங்க மாமா பெய்யுது?"

மாமா சோற்றைக் குழைத்தார். கணவாய்க் கறி நன்றாக இருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று கீதனுக்குத் தோன்றியது. அதற்குள் மாமா அடுத்ததைத் தொடங்கிவிட்டார்.

"படத்தில வேலியைப் பற்றி என்ன எழுதினனீர்?"

"எழுதினதுதான். சுவரில இருந்து ஒன்றரை மீற்றருக்கு எரியக்கூடின சாமான் ஒண்டும் இருக்கக்கூடாது. செடி, விறகு, மட்டை, ஒண்டும். சரளைக்கல்லு மட்டும்தான். பெரிய நெருப்பு வந்து வீட்டை எரிக்கிறதெண்டில்லை மாமா. நெருப்பு அங்கால எங்கயோ நிக்கேக்கயே தணல் காத்தில பறந்து வரும். வந்து சுவரோட கிடக்கிற சருகில விழும். அது போதும்."

"சரி, விறகை எடுக்கிறன். வேலி நிக்கட்டும்."

"வேலிதான் மாமா முக்கியம். சீடார் எண்டால் எண்ணெய். பெற்றோல் மாதிரி."

"பச்சை மரம் எரியுமோ?"

"வெளியிலதான் பச்சை. உள்ளுக்க கையை விட்டுப் பாருங்கோ. எல்லாம் காஞ்ச சருகு. போதாக்குறைக்கு நீங்கள் வேலியில ஓட்டை, பொட்டு வந்த இடமெல்லாம் காஞ்ச கொப்பை வெட்டிச் செருகி வைச்சிருக்கிறியள்."

"பொட்டிருந்தால் அடைக்கத்தானே வேணும்? வேலியில பொட்டை விட்டிட்டு இருக்கிறவன் குடும்பகாரனோ?"

"ஆர் மாமா அந்தப் பொட்டுக்குள்ளால வரப்போறான்? பக்கத்து வீடு அரை மைலுக்கு அங்கால கிடக்கு."

"றோட்டால ஆக்கள் போகினம்தானே."

"போனகிழமை ஒரு கரடிதான் போனது."

"அதுக்கும்தான் வேலி."

மாமி சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. வேலி இல்லாத வீட்டில் உடுப்பில்லாமல் நிற்பது போல இருக்கிறது என்று வந்த முதல் கோடையிலேயே ஆளுயரச் சீடார் கன்றுகளை லொறியில் இறக்கி, வீட்டுச் சுவரோடு சுவராக, நெருக்கமாக நட்டவர் அவர். ஐந்து ஏக்கர் காணியின் எல்லையில் நட்டிருக்கலாம். அவ்வளவு தூரத்துக்கு நட முடியாது என்பதால் வீட்டைச் சுற்றி மட்டும் நட்டார். இரண்டு வருடத்தில் யன்னல்கள் பாதி மூடிவிட்டன. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் மாமி காய் வெட்டுகிறார்.

"தம்பி, நாங்கள் வீடு எரிஞ்சு வந்த ஆக்கள்," என்றார் மாமா. "ஊரில சண்டைக்க செல் விழுந்து எரிஞ்சதைப் பாத்தனாங்கள். எங்களுக்கு நீர் நெருப்புப் படிப்பிக்கத் தேவையில்லை."

இந்த வசனம் வந்தால் கதை முடிந்தது என்று கீதனுக்கு ரெக்ஸ்டேல் காலத்திலிருந்தே தெரியும். அவன் கணவாயைத் தின்றான்.

"நிலா, கை கழுவிப்போட்டு வா, சோறு ஆறுது," என்று மாமி உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"ஓம் அம்மம்மா," என்று சாம்பவி ஓடிவந்து கதிரையில் ஏறினாள்.

மாமா தண்ணீர் குடித்தார். மாமி சோறு போட்டார். ஒருவரும் ஒன்றையும் கவனிக்கவில்லை. கீதன் சோற்றைப் பிசைவதை நிறுத்தி மகளைப் பார்த்தான். பிறகு சாப்பாட்டை முடித்தான்.

அடுத்த கிழமை முழுவதும் ஸ்காபரோவிலும் புகை மணம் இருந்தது. அவன் இருந்த அடுக்குமாடியின் பத்தாவது மாடியிலிருந்து பார்த்தால் மார்க்கம் வீதியின் மறுமுனை தெரியவில்லை. சாம்பவியைக் கோடைகால வகுப்பில் விட்டுவிட்டுக் கீதன் மிசிசாகாவுக்கு ஓடினான். நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டு வானொலியில் தீச்செய்தி கேட்டான். மாமா இருந்த பகுதியில் வெளியே நெருப்பு மூட்டத் தடை போட்டிருந்தார்கள். அவன் மாமிக்குப் போன் எடுத்தான்.

"மாமி, வெளியில அடுப்பு மூட்டக்கூடாதாம்."

"அது குப்பை எரிக்கிறவைக்குத் தம்பி. நான் பொரிக்கத்தானே செய்யிறன்."

சனிக்கிழமை மார்க்கம் நகரில் ஒரு மண்டபத்தில், மாமியின் தங்கையின் பேத்தி பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. மாமாவும் மாமியும் வெள்ளிக்கிழமையே டொரொன்டோ வந்து தங்கையின் வீட்டில் நின்றார்கள். சாம்பவிக்குப் பாவாடை சட்டை தைத்திருந்தார்கள். அவளைச் சனி காலையில் ஒப்படைத்தபோது மாமா, "நீர் வராமல் நிண்டால் ஆக்கள் என்ன சொல்லுவினம்?" என்றார். நிலாணி போனபிறகு கீதன் மண்டபங்களுக்குப் போவதில்லை. தலை தடவுகிறார்கள். சின்ன வயது, இன்னொரு கலியாணம் பார்க்கலாம்தானே என்று பிரியாணிக்கு முன்னால் கேட்கிறார்கள்.

"எனக்கு அங்க அளவெடுக்க வேணும் மாமா. அத்திவாரத்துக்குச் சரியான அளவு இல்லாமல் கீறேலாது."

அளவு என்றதும் மாமாவின் முகம் தெளிந்தது. வீட்டுத் திறப்பைக் கொடுத்தார். "வடிவா எடும். பின்னேரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாங்கள் அங்க வந்திடுவம்," என்றார்.

காட்டு வீட்டில் கீதன் தனியாக நின்றான். காற்று எழும்பியிருந்தது. வறண்ட காற்று. பள்ளத்து ஸ்புறூஸ் மரங்கள் இரைந்தன. கிழக்குச் சுவரின் நீளத்தை அளக்க வேண்டும். அளவு நாடாவின் நுனியைச் சுவர் மூலையில் கொழுவ வேலிக்குள் கையை விட்டான். முழங்கைவரை போனது. சுவர் எட்டவில்லை. கையை வெளியே எடுத்தபோது உள்ளங்கை நிறையச் சருகு. நொறுக்கினான். தூளாகப் போனது.

நாடா போக வழி வேண்டும் என்றுதான் முதல் மரத்தை வெட்டினான்.

மாமாவின் பற்றரியில் ஓடும் வாள் கராஜுக்குள் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கிடந்தது. தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து நிலத்தை நனைத்தான். அடியில் வாளை வைத்ததும் மரம் சரிந்தது. கைத்தண்டுப் பருமன்தான். நாடாவைக் கொழுவினான். சுவர் மூலை கிடைத்தது. நாடாவின் மற்ற நுனிக்கு இன்னொரு மரம் தடை. அதையும் வெட்டினான். இரண்டுக்கும் நடுவில் நின்ற மரங்களைப் பார்த்தான். அவற்றை வெட்ட ஒரு காரணமும் இல்லை. நாடா போய்விட்டது. அவன் வெட்டினான்.

கிழக்கு முடிந்து தெற்கு. தெற்கு முடிந்து மரத்தட்டிப் பக்கம். வாள் சூடேறி நின்றபோது அதை ஆறவிட்டு, விறகுகளைத் தள்ளுவண்டியில் அள்ளிக் கராஜுக்கு அப்பால், வெறும் சரளையில் கொட்டினான். மாம்பழப் பெட்டி மட்டைகளைக் கிழித்தான். மத்தியானம் சாப்பிடவில்லை. கையெல்லாம் பிசின். என்ன நினைத்துக்கொண்டு வெட்டினான் என்று யாராவது கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது. மூன்று வருடத்தில் உடம்பு வியர்க்க ஒரு வேலை செய்தது அன்றைக்குத்தான்.

வேலி விழுந்து கிடக்க, நடுவில் வீடு நின்றது. வெள்ளைச் சுவரில் மரங்கள் உரசிய பச்சைக்கறை ஆளுயரத்துக்கு ஓடியது. மாமா கேட்டால் என்ன சொல்வது என்று அப்போதுதான் யோசித்தான்.

பின்னேரம் கார் வந்தது. சாம்பவி முதலில் இறங்கினாள். தலையில் பூ.

"டடி! வீடு எவ்வளவு பெரிசு!" என்றாள்.

மாமி பட்டுச்சேலையோடு ஒரு காலை வெளியே வைத்தபடி அப்படியே இருந்தார். மாமா இறங்கி, கதவைச் சாத்தாமல், வீட்டை ஒருமுறை சுற்றி வந்தார். வேட்டி நுனியில் சருகு ஒட்டியது. சுற்றி வந்து கீதனுக்கு முன்னால் நின்றார்.

"உனக்கென்ன விசரோ?"

அதுவரை நீர் என்று கதைத்தவர். கலியாணம் பேசின நாளிலிருந்து நீர்தான்.

"மாமா, நான் திரும்பத் திரும்பச் சொன்னனான்."

"சொன்னால்? சொன்னால் வெட்டிறதோ? என்ர வீடு! நான் கிண்டி, நான் நட்டு, நான் தண்ணி விட்டு வளத்த மரம். ஆளில்லாத நேரம் பாத்து வந்து கள்ளன் மாதிரி..."

"எரிஞ்சால் உங்கட வீடும்தான் மாமா எரியும்."

"எரிஞ்சால் எரியட்டும்! என்னட்ட இருந்ததெல்லாத்தையும் ஒவ்வொண்டாக் கொண்டுபோறாய். இப்ப வேலி. இன்னும் என்ன கிடக்கு? சொல்லு, எடுத்துத் தாறன்."

"இஞ்சருங்கோ," என்றார் மாமி. "பிள்ளை நிக்கிறாள்."

"நிக்கட்டும். அவளும் கேக்கட்டும். அவளுக்குத்தானே இந்த வீடு. அவளுக்குத்தானே அறை கட்டுறம்."

"சாம்பவி வரமாட்டா மாமா."

கீதன் இதை மெதுவாகத்தான் சொன்னான். ஆறு மாதமாக வாய்க்குள் கிடந்தது வெளியே வந்தபோது பெரிதாக ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"என்ன?"

"நானும் வரேல்ல. அவ ஸ்காபரோவிலதான் பள்ளிக்கூடம் போவா. முந்தியே சொல்லியிருக்கவேணும். சொல்ல ஏலாமல் படம் கீறிக்கொண்டிருந்தனான்."

மாமா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "ஏன்? நாங்கள் என்ன குறை விட்டனாங்கள்?"

கீதன் சாம்பவியைப் பார்த்தான். அவள் வெட்டிய கொப்பொன்றை இழுத்துக்கொண்டு தூரத்தில் ஓடினாள்.

"மாமி அவளை நிலா எண்டு கூப்பிடுறா."

"ஆர், நானோ?" என்றார் மாமி.

"ஓம் மாமி. அவளும் ஓம் எண்டு சொல்லிக்கொண்டு வாறாள்."

"நான் அப்பிடிக் கூப்பிடுறனானோ?" என்று மாமி மாமாவைக் கேட்டார். மாமா பள்ளத்துப் பக்கம் திரும்பினார். "உங்களைத்தான் கேக்கிறன். நான் கூப்பிடுறனானோ?"

"எப்பவாவது ஒருக்கா," என்றார் மாமா.

மாமி காருக்குள் பின்னால் சாய்ந்து இருந்தார். பட்டுச்சேலையின் தலைப்பை மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார்.

மாமாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் குரல் இறங்கிவிட்டது. "அப்ப அறையும் வேண்டாம், குசினியும் வேண்டாம். பேந்து ஆருக்கு இந்த வேலியை வெட்டினனீ? நீங்கள் வரப்போறேல்லை எண்டால் உனக்கென்ன? என்னத்துக்கு ஒன்றரை மீற்றர்?"

"உங்களுக்குத்தான்."

"எங்களுக்கோ?"

"உங்கள் ரெண்டுபேருக்கும்தான். வேலி பத்தினால் எந்தக் கதவாலயும் வெளிய வரேலாது. நீங்கள் உள்ளுக்க நிப்பியள். நான் ஸ்காபரோவில படுத்திருப்பன். எனக்குப் போன் வரும்." கீதன் பிசின் பிடித்த கையைக் காற்சட்டையில் துடைத்தான். அது போகவில்லை. "எனக்கு இன்னொரு தரம் ஏலாது மாமா."

காற்று பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. மாமா கிடந்த மரங்களைப் பார்த்தார். குனிந்து ஒன்றின் உள்ளே கையை விட்டார். சருகு கொட்டியது. அவர் கையைப் பார்க்காமல் உதறினார்.

"வெட்டினனீ சரி. வெட்டி இப்பிடிச் சுவரோட போட்டால் இன்னும் மோசமெல்லோ. அதையெண்டாலும் யோசிச்சனியோ? பெரிய படிப்புப் படிச்சவன்."

அவர் சொன்னது சரி. கீதன் அதை யோசிக்கவில்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா ஒரு மரத்தின் அடியைப் பிடித்தார். கீதன் நுனியைப் பிடித்தான். வெறும் சரளை கிடந்த வண்டிப்பாதைக்கு இழுத்தார்கள். இன்னொன்று. இன்னொன்று. மாமா ஒவ்வொரு முறையும் ஏசினார். இப்பிடிப் பிடிக்கிறதோ, காலுக்க போடாதே, உன்ர தகப்பனும் இப்பிடித்தான் அவசரக்காரன். மாமி உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து குசினி யன்னலைத் திறந்தார். யன்னல் முழுவதாகத் திறந்தது. அங்கே நின்று, "ஐயோ, ஆரும் பாத்தால்," என்றார். பார்க்க ஒருவரும் இல்லை. பிறகு தலையை வெளியே நீட்டி, "சாம்பவி!" என்று கூப்பிட்டார். கூப்பிட்ட விதத்தில் ஒரு தயக்கம் இருந்தது, புதிதாக வந்த பிள்ளையின் பெயரைச் சரியாகச் சொல்கிறோமா என்று பார்ப்பவரைப் போல. "சாம்பவி, வா பிள்ளை, தேத்தண்ணி குடி."

கோதுமை மாப் புட்டும் பழைய குழம்பும் இருந்தது. மாமா கீதனோடு கதைக்காமல் சாப்பிட்டார். உப்பு வேண்டுமென்றால் மாமியிடம் கேட்டார். உப்புக் கீதனுக்கு முன்னால்தான் இருந்தது.

வெளிக்கிடும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. சாம்பவி பின் இருக்கையில் நித்திரையாகிவிட்டாள். மாமி அவளுடைய காலணிகளையும் ஒரு சட்டி கத்தரிக்காய்க் கறியையும் காருக்குள் வைத்தார். "இதை வீட்டுக் குசினிக்குள்ளதான் பொரிச்சனான்," என்றார். "வீடு முழுக்க மணக்குது." கீதன் இயந்திரத்தை இயக்கினான். மாமா வந்து யன்னலில் தட்டினார். கீதன் கண்ணாடியை இறக்கினான்.

"அந்த அறைக்கு எத்தினை யன்னல் கீறினனீர்?"

"எந்த அறைக்கு மாமா?"

"ஒரு அறை. சனி ஞாயிறு வந்து நிக்கிறதுக்கு. வருவியள்தானே? இல்லை, அதுக்கும் ஏலாதோ?"

"வருவம்."

"எத்தினை?"

"ரெண்டு."

"தெற்கால பெரிசா ஒண்டு வையும். இப்ப அந்தப் பக்கம் நல்ல வெளிச்சம்."

"தெற்கால பெரிசா வைக்கேலாது மாமா. அந்தப் பக்கம்தான் பள்ளம். சின்னன்தான் வைக்கலாம். வெக்கைக்கு வெடிக்காத கண்ணாடி."

மாமா கூரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார்.

"கேட்டனீரோ மங்கை? வேலியும் இல்லை, யன்னலும் இல்லை. உந்த ஆளோட மனுசன் கதைப்பானோ?" கார்க் கூரையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். "போம், போம். வளைவில மெதுவாப் போம், மான் குறுக்க பாயும். பிள்ளை இருக்கிறாள்."